பட்டுச்சேலை வீடியோ எடுக்க புது டிஎஸ்எல்ஆர் தேவையா? கேமராவை மாற்றும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

காஞ்சிபுரம் பட்டை இப்போது கடைக்கு வந்து தொட்டுப் பார்த்து வாங்குபவர்கள் மட்டும் வாங்குவதில்லை. வாட்ஸ்ஆப்பில் வரும் 30 விநாடி வீடியோவைப் பார்த்து, வெளியூரில் இருந்தே ஆர்டர் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தறி வைத்திருப்பவர், சேலை விற்பவர், கல்யாண வீடியோ எடுப்பவர் என எல்லோருக்கும் ஒரு கேள்வி வருகிறது: கையில் இருக்கும் பழைய கேமராவே போதுமா, புது டிஎஸ்எல்ஆர் வாங்கணுமா?

கேள்வி சின்னதுதான். ஆனால் வீடியோவில் கலர் மாறித் தெரிந்தால் சேலை திரும்பி வரும். கூரியர் செலவு போகும், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போகும். அவசரப்பட்டு கேமரா வாங்கினால், பட்டும் ஜரிகையும் வாங்க வைத்திருந்த பணம் முடங்கும். எனவே காசு போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமான பதில் என்ன?

- சேலை வீடியோவில் வரும் குறைகளில் பெரும்பாலானவை வெளிச்சம், செட்டிங், மைக் சம்பந்தப்பட்டவை. புது பாடி வாங்கினாலும் அவை தானாகச் சரியாகாது.
- நெருக்கமான கட்டம், மெல்லிய கோடு போட்ட சேலை வீடியோவில் நெளிவது, ஆட்டோ ஃபோகஸ் தடுமாறுவது ஆகிய இரண்டும் கேமராவின் குறையாக இருக்கலாம்.
- அப்படி கேமராவை மாற்றியே ஆக வேண்டும் என்றால், வீடியோவுக்காகப் புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்க இப்போது பெரிய காரணம் இல்லை. மிரர்லெஸ் பக்கம் போவதே நல்லது.

ஏன் என்பதற்கான விளக்கம் கீழே.

டிஎஸ்எல்ஆரில் வீடியோ எப்போது வந்தது?

டிஎஸ்எல்ஆர் முதலில் போட்டோவுக்காக வந்த கேமரா. 2008 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்ட நிகான் டி90 தான் வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. அது ஃபுல் எச்டி வீடியோ எடுத்தது. பெரிய சென்சார், பின்னணி மங்கலாகத் தெரியும் சினிமா தோற்றம், அதுவும் சினிமா கேமராவை விடப் பல மடங்கு குறைந்த விலையில். வீடியோ எடுப்பவர்கள் அப்படியே டிஎஸ்எல்ஆர் பக்கம் திரும்பினார்கள்.

2010-ல் அமெரிக்காவின் 'ஹவுஸ்' தொடரின் 6-வது சீசன் கடைசி எபிசோட் 5டி மார்க் 2-ல் எடுக்கப்பட்டது. தமிழில் 2012-ல் பாலாஜி சக்திவேல் இயக்கிய 'வழக்கு எண் 18/9' டிஎஸ்எல்ஆரில் படமாக்கப்பட்டு, தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் வாங்கியது. அதாவது நல்ல வீடியோவுக்கு டிஎஸ்எல்ஆர் போதும் என்பது எப்போதோ நிரூபணமான விஷயம்.

அப்போ புது டிஎஸ்எல்ஆர் ஏன் வேண்டாம்?

டிஎஸ்எல்ஆரின் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சியை அது வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும். போட்டோவுக்கான வேகமான ஆட்டோ ஃபோகஸும் அந்தக் கண்ணாடியை நம்பியே வேலை செய்கிறது.

வீடியோ பட்டனை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். பின்னால் இருக்கும் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். போட்டோவுக்கான ஃபோகஸ் அமைப்பும் அப்போது வேலை செய்யாது. அதாவது வீடியோ எடுக்கும் நேரம் முழுக்க டிஎஸ்எல்ஆர் கிட்டத்தட்ட மிரர்லெஸ் கேமராவாகத்தான் இயங்குகிறது. பயன்படாத கண்ணாடிக்கும் அதன் எடைக்கும் காசு கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம், நிறுவனங்களே வேறு பக்கம் போய்விட்டன. 2020-ல் வந்த இஓஎஸ்-1டி எக்ஸ் மார்க் 3 தான் தங்களின் கடைசி முதன்மை டிஎஸ்எல்ஆராக இருக்கும் என்று கேனான் தலைமை 2021 இறுதியில் சொன்னது. நிகான் டி780, டி6 இரண்டும் 2020-ல் வந்தவை. டிஎஸ்எல்ஆர் உருவாக்கத்தில் இருந்து நிகான் விலகுகிறது என்று 2022-ல் ஜப்பான் நாளிதழ் ஒன்று எழுதியபோது, அது யூகம் என்று நிகான் மறுத்தது. ஆனாலும் புது லென்ஸ், புது வசதி என இரு நிறுவனங்களின் கவனமும் இப்போது மிரர்லெஸ் மீதுதான். பென்டாக்ஸ் மட்டும் டிஎஸ்எல்ஆரில் உறுதியாக நிற்கிறது.

இதனால் பழைய டிஎஸ்எல்ஆர் குப்பையாகிவிடவில்லை. கையில் இருப்பதை முழுதாகப் பயன்படுத்தலாம். புதிதாகக் காசு போடும்போதுதான் யோசிக்க வேண்டும்.

கட்டம் போட்ட சேலை வீடியோவில் ஏன் நெளிகிறது?

காஞ்சிப் பட்டில் வைரஊசி கோடு, முத்துக்கட்டம் மாதிரி நெருக்கமான டிசைன்கள் உண்டு. சேலை அசையாமல் இருக்கும்போதே, வீடியோவில் அதன் மேல் வானவில் அலை ஓடுவதுபோல் தெரியும். இதற்குப் பெயர் மோயர்.

சேலையின் நெருக்கமான கோடுகளும் சென்சாரில் இருக்கும் பிக்சல் வரிசையும் ஒன்றோடு ஒன்று மோதுவதால் இது வருகிறது. 24 மெகாபிக்சல் சென்சாரில் அகலவாக்கில் சுமார் 6,000 பிக்சல் இருக்கும். ஃபுல் எச்டி வீடியோவுக்குத் தேவை 1,920 மட்டுமே. பழைய, விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் மொத்த பிக்சலையும் படித்துச் சுருக்கும் வேகம் இல்லை. நடுநடுவே வரிகளை விட்டுவிட்டுப் படிக்கும். விட்டுப்போன இடத்தில்தான் இந்த அலை உருவாகிறது.

புது கேமராக்களில் பல, முழு சென்சாரையும் படித்து 4கே அளவுக்குச் சுருக்குகின்றன. அதில் மோயர் வெகுவாகக் குறையும். எனவே சேலை விற்பவருக்கு கேமரா மாற்ற இது நியாயமான காரணம். ஆனால் அதற்கு முன் இவற்றைச் செய்து பார்க்கலாம்:

- கேமராவை ஓரடி முன்னே, பின்னே நகர்த்துவது. சேலையை லேசாகச் சாய்த்துப் பிடிப்பது. கோடுகள் நேராக இருக்கும்போதுதான் அலை அதிகம்.
- மெனுவில் ஷார்ப்னஸை முழுதாகக் குறைப்பது.
- முழுச் சேலையைக் காட்டும் ஷாட்டைச் சுருக்கி, நெருக்கமான ஷாட்டுகளை அதிகப்படுத்துவது.
- அலை தெரிகிறதா என்பதை கேமராவின் சின்னத் திரையில் முடிவு செய்யாமல், பெரிய திரையில் முழு அளவில் பார்ப்பது. சின்னத் திரையே சில நேரம் இல்லாத அலையைக் காட்டும்.

எடுத்த பிறகு எடிட்டிங்கில் மோயரை நீக்குவது கடினம். எடுக்கும்போதே தவிர்ப்பதுதான் வழி.

மயில் கழுத்து கலர் ஏன் வெறும் நீலமாகத் தெரிகிறது?

பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்யும்போது சேலையை மடக்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறி அடிக்கும். மயில் கழுத்து கலரின் அழகே அதுதான். போட்டோவில் இதைக் காட்ட முடியாது. அசைவு இருந்தால்தான் தெரியும் என்பதால், பட்டுச்சேலைக்கு வீடியோ உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது.

ஆனால் கேமரா ஆட்டோவில் இருந்தால் காரியம் கெட்டுவிடும். சேலை அசைந்து நிறம் மாறும்போது, வெளிச்சம்தான் மாறிவிட்டது என்று கேமரா நினைத்துக்கொள்ளும். உடனே ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் 'சரி' செய்யும். சேலையின் நிஜ நிறம் காணாமல் போகும். லட்ச ரூபாய் கேமராவிலும் ஆட்டோ இதைத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

- சேலை வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளையோ சாம்பல் நிற அட்டையையோ வைத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொள்வது.
- எக்ஸ்போஷரை மேனுவலில் வைப்பது. ஜரிகை பளபளப்பு வெள்ளையாக வெளிறாத அளவுக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுப்பது.
- ஜன்னல் வெளிச்சம், டியூப்லைட் இரண்டையும் கலக்காமல் இருப்பது. கலந்தால் சேலையின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் தெரியும். ஏதாவது ஒன்று போதும்.
- எல்இடி விளக்கு வாங்கினால் நிறத்துல்லியத்தைக் குறிக்கும் சிஆர்ஐ அளவு 95-க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பார்ப்பது.
- எடுத்து முடித்ததும் வீடியோவை போனில் ஓடவிட்டு, பக்கத்தில் சேலையை வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுவது. வாடிக்கையாளர் பார்க்கப்போவதும் போனில்தான்.

செல்போனில் எடுப்பவர்களுக்கும் இதே விதிதான். திரையில் சேலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் ஆகும். கலரைத் தூக்கிக் காட்டும் ஃபில்டர்களை அணைத்துவிட வேண்டும்.

வீடியோவில் பட்டை பட்டையாக ஓடுவது ஏன்?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் பல எல்இடி பல்புகளும் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமரா அமெரிக்க முறைப்படி 30 ஃபிரேம், 1/60 ஷட்டரில் இருந்தால் வீடியோவில் கரும்பட்டைகள் மெதுவாக ஏறி இறங்கும்.

இதற்குத் தீர்வு இலவசம். மெனுவில் வீடியோ சிஸ்டத்தை பால் முறைக்கு மாற்றி, 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் போதும். இது தெரியாமல் கேமராவே பழுது என்று மாற்றத் தேவையில்லை. மங்கலான தறிக்கூடத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய செட்டிங் இதுதான்.

4கே என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. 4கே என்பது 3,840-க்கு 2,160 பிக்சல், ஃபுல் எச்டியை விட 4 மடங்கு. ஆனால் அட்டைப்பெட்டியில் 4கே என்று இருப்பதற்கும் தறிக்கூடத்தில் அது பயன்படுவதற்கும் வித்தியாசம் உண்டு.

முதல் சிக்கல், கிராப். கேனான் 200டி மார்க் 2 டிஎஸ்எல்ஆரை எடுத்துக்கொள்வோம். 4கே-வில் அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது. கேமராவோடு வரும் 18-55 லென்ஸின் 18 எம்எம், ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 46 எம்எம் போல ஆகிவிடும். குழித்தறி இருக்கும் சின்ன அறையில், சுவரோடு ஒட்டி நின்றாலும் முழுத் தறி ஃபிரேமுக்குள் வராது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடும், தறியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர்தான் படத்தில் இருப்பார். போதாக்குறைக்கு, அந்த கேமராவின் டூயல் பிக்சல் ஆட்டோ ஃபோகஸ் 4கே-வில் வேலை செய்யாது. ஃபுல் எச்டியில்தான் செய்யும்.

இரண்டாவது, செங்குத்து வீடியோ. ரீல்ஸுக்கும் ஸ்டேட்டஸுக்கும் நீளவாக்கு வீடியோதான் வேண்டும். படுக்கவாக்கில் எடுத்த ஃபுல் எச்டியை வெட்டினால் அகலம் சுமார் 607 பிக்சல்தான் மிஞ்சும். ஜரிகை வேலைப்பாடு மங்கிவிடும். 4கே-வில் இருந்து வெட்டினால் 1,215 பிக்சல் கிடைக்கும். ஆனால் கேமராவையே ட்ரைபாடில் 90 டிகிரி திருப்பி வைத்து எடுத்தால், பழைய ஃபுல் எச்டி கேமராவிலேயே முழு 1,080 பிக்சல் அகலம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, இடம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 45 ஜிபி. 30 மெகாபிட் ஃபுல் எச்டி என்றால் 13.5 ஜிபி. கார்டு, ஹார்ட் டிஸ்க், எடிட் செய்யும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துத்தான் அப்கிரேடு செலவைக் கணக்கிட வேண்டும். கார்டைப் பொறுத்தவரை வி30 என்று குறியிட்டது இந்த 100 மெகாபிட் வேகத்துக்குத் தாராளமாகப் போதும்.

தறிச் சத்தத்துக்கு நடுவே பேச்சு கேட்கவில்லையே?

நெசவாளர் பேசுவதை எடுக்கும்போது கேமராவின் உள் மைக்கில் பன்னை அடிக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். எந்த கேமராவாக இருந்தாலும் இதே கதைதான். மைக் பேசுபவரின் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கே கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. கேனான் 1500டி போன்ற ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரில் வெளி மைக் மாட்டும் துளையே இல்லை. அதற்காக உடனே கேமராவை மாற்ற வேண்டியதில்லை. சட்டையில் மாட்டும் மைக்கை செல்போனில் இணைத்துத் தனியாகப் பதிவு செய்யலாம். தொடங்கும்போது கேமரா முன் ஒரு கைத்தட்டு தட்டினால், எடிட்டிங்கில் சத்தத்தையும் படத்தையும் சேர்ப்பது எளிது. வாரம் நான்கு பேட்டி எடுப்பவருக்கு இது தொல்லைதான். மாதம் ஒன்று எடுப்பவருக்குத் தாராளம்.

கோயில் உற்சவம், கல்யாணத்துக்கு எடுப்பவர்கள்?

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவை அதிகாலையில் நடக்கும். அந்த இருட்டில் எடுக்க ஃபுல் ஃபிரேம் கேமரா வேண்டும் என்று பலர் நினைப்பது வழக்கம். ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம்.

18-55 கிட் லென்ஸ் 55 எம்எம்-ல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு, சாதாரண ஏபிஎஸ்-சி சென்சாரைப் போல இரண்டரை மடங்குதான். அதாவது பாடியை மாற்றுவதை விட, 50 எம்எம் எஃப் 1.8 போன்ற விலை குறைந்த லென்ஸ் ஒன்று இருட்டில் அதிக வேலை செய்யும். ஃபோகஸ் ஆழம் குறையும் என்பதால் கொஞ்சம் பழக வேண்டும்.

கல்யாண வீடியோகிராஃபர்களின் பிரச்னை வேறு. டிஎஸ்எல்ஆர்களில் ஒரு கிளிப் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். 30 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாக வகைப்படுத்தி கூடுதல் சுங்கவரி போட்டதால், நிறுவனங்கள் வைத்த வரம்பு இது. மாங்கல்ய தாரணம் நடக்கும் நேரத்தில் கேமரா நின்றுபோனால் திரும்ப எடுக்க முடியாது. தனி ஆளாக எடுப்பவருக்கு, இந்த வரம்பு இல்லாத கேமராவுக்கு மாற இது உறுதியான காரணம். ஆனால் சின்ன பாடி உள்ள கேமராக்கள் 4கே-வில் நீண்ட நேரம் ஓடினால் சூடாகி நின்றுவிடலாம். சித்திரை வெயிலில் மண்டபத்துக்குள் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

எந்த கேமரா வைத்திருப்பவர் மாறலாம்?

*மாறத் தேவையில்லாதவர்கள்:* கேனான் 90டி, நிகான் டி780 வைத்திருப்பவர்கள். இரண்டிலும் கிராப் இல்லாத 4கே உண்டு, வீடியோவில் ஆட்டோ ஃபோகஸும் நன்றாக இருக்கும்.

*யோசித்து மாறலாம்:* கேனான் 200டி மார்க் 2, 6டி மார்க் 2 போன்றவை. ஃபுல் எச்டியில் ஆட்டோ ஃபோகஸ் நன்றாகவே வேலை செய்யும். நெருக்கமான டிசைன் சேலைகள்தான் முக்கியத் தொழில் என்றால் மட்டும் மாறலாம். 6டி மார்க் 2-ல் 4கே வீடியோ கிடையாது.

*மாறினால் பலன் தெரியும்:* கேனான் 1500டி, நிகான் டி5600 போன்றவை. வீடியோவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும். சேலையை விரித்துக் காட்டும் கையைப் பின்தொடராது. வாரத்துக்குப் பல வீடியோ போடுபவருக்கு இது தினசரித் தலைவலி.

மாறினால் எதற்கு மாறலாம்?

ஆரம்பநிலை மிரர்லெஸ் வரிசையில் கேனான் ஆர்50, நிகான் இசட்30, சோனி இசட்வி-இ10 ஆகியவை வீடியோவை மனதில் வைத்துப் பலர் பார்ப்பவை. மூன்றிலும் 4கே உண்டு, வெளி மைக் துளை உண்டு. மூன்றிலும் பாடிக்குள் ஸ்டெபிலைசர் கிடையாது. கையில் பிடித்து நடந்தபடி எடுத்தால் ஆடும். ட்ரைபாடுக்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும்.

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதே நிறுவனத்தில் இருப்பது லாபம். கேனானின் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்களை அடாப்டர் மூலம் ஆர் வரிசையில் மாட்டலாம், ஆட்டோ ஃபோகஸும் கிடைக்கும். 200டி மார்க் 2-ன் எல்பி-இ17 பேட்டரி ஆர்50-க்கும் பொருந்தும். நிகானில் எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கிறது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்கள் அதில் ஆட்டோ ஃபோகஸோடு இயங்கும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா?

லென்ஸ் ஏற்கெனவே இருந்து, பட்ஜெட் குறைவு என்றால் வாங்கலாம். டிஎஸ்எல்ஆர் இன்று அர்த்தமுள்ளதாக இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது. உதாரணமாக, கேனான் 5டி மார்க் 4-ல் 4கே உண்டு. ஆனால் அது கிராப்போடு, விநாடிக்கு சுமார் 500 மெகாபிட் வேகத்தில் பதிவாகும். ஒரு மணி நேரத்துக்கு 225 ஜிபி. கேமராவை விடக் கார்டு செலவு கையைக் கடிக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

- பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒன்றா?
- மைக், எச்டிஎம்ஐ துளைகள் தளர்ந்திருக்கின்றனவா? வீடியோவுக்கு ஓடிய கேமராவில் முதலில் தேய்வது இவைதான்.
- லென்ஸ் மூடியைப் போட்டு ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா?
- 15 நிமிடம் தொடர்ந்து ஓடினால் நிற்கிறதா?

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதையே எல்லோரும் கேட்பார்கள். வீடியோ எடுக்கும்போது ஃபிரேமுக்கு ஃபிரேம் மெக்கானிக்கல் ஷட்டர் அடிப்பதில்லை. எனவே அந்த எண் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கணக்கு சுலபம். கேமரா, லென்ஸ், கார்டு, மைக் எல்லாம் சேர்ந்த விலையை ஒரு நாள் வாடகையால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, மொத்தம் ரூ.75,000, வாடகை ரூ.1,500 என்று வைத்துக்கொண்டால் 50 நாள். இரண்டு வருடத்தில் 50 நாளுக்கு மேல் வேலை இருந்தால் வாங்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

டிஜிட்டல் கேமராக்களுக்கு ஜிஎஸ்டி 28%-ல் இருந்து 2019 ஜனவரி 1 முதல் 18% ஆனது. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையோ ஸ்டுடியோவோ தொழிலுக்காக வாங்கினால், முறையான பில் இருக்கும் பட்சத்தில் உள்ளீட்டு வரி வரவு கோர வாய்ப்பு உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பில் இல்லாமல் குறைந்த விலைக்கு வரும் கேமராவில் இந்த வரவும் போகும், வாரண்டியும் போகும்.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

இருக்கும் கேமராவிலேயே ஒரு காலை நேரம் ஒதுக்கினால் போதும். கடையில் இருப்பதிலேயே மிக நெருக்கமான கட்டம் போட்ட சேலை ஒன்று, இரட்டை நிறம் அடிக்கும் சேலை ஒன்று, ஜரிகை அதிகமான சேலை ஒன்று என மூன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் ஓரம், டியூப்லைட் அணைத்து, ட்ரைபாடில் செங்குத்தாக, 25 ஃபிரேம், 1/50, கஸ்டம் ஒயிட் பேலன்ஸ், மேனுவல் எக்ஸ்போஷர்.

முதல் சேலை எந்தத் தூரத்தில், எந்தக் கோணத்தில் வைத்தாலும் நெளிந்தால் கேமரா மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரண்டாவதில் நிறம் தவறினால் வெளிச்சத்துக்குச் செலவு செய்யணும். மூன்றாவதில் ஜரிகை வெளிறினால் எக்ஸ்போஷரைக் குறைக்கணும், அதற்குச் செலவே இல்லை.

நான்காவதாக ஒரு ஷாட்டும் எடுத்துப் பார்க்கலாம். உடலும் கரையும் கோர்க்கப்பட்ட இடத்தையும், சேலையின் பின்பக்கத்தையும் மிக அருகில் காட்டும் ஷாட். சாதாரண 18-55 லென்ஸே சுமார் 25 செ.மீ. தூரம் வரை ஃபோகஸ் ஆகும். 2005-06 முதல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெயரில் விசைத்தறிச் சேலைகளும் விற்கப்படும் நிலையில், வெளியூர் வாடிக்கையாளர் நெருக்கமாகப் பார்க்க விரும்புவது அந்தக் கோர்வையைத்தான். அது பழைய கேமராவிலேயே தெளிவாக வந்துவிட்டால், புது கேமராவுக்கான பணம் இன்னும் கொஞ்ச நாள் பட்டு நூலிலும் ஜரிகையிலுமே இருக்கட்டும்.